மூன்று தரம் எழுதிய புலம்பல்

ஒக்லாந்தில் என்னை நாவலாசிரியை என்று அறிந்தவர்கள் எல்லாரும் ஒரே காருக்குள் அடங்கிவிடுவார்கள். அதில் காரை ஓட்டுபவர் என் கணவர். ஆனால் புலம்பல் எழுதுகிறவள் என்று விசாரித்தால் பாபகூராவிலிருந்து நோர்த் ஷோர் வரைக்கும் எந்த யாழ்ப்பாணத்து வீட்டிலும் என் தொலைபேசி இலக்கம் இருக்கும். யாரேனும் மோசம் போனால், ஐயருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் அழைப்பு வரும்.

தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஊர்ச் சைவ ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்து அனுப்புவோம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லெல்லாம் கிடையாது, பளபள அட்டை, உள்ளே இருபத்துநாலு பக்கம். முதலில் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். இடம் மிஞ்சினால் சீனி வியாதிக்காரருக்கான உணவு அட்டவணையும் போடுவார்கள். இவற்றுக்கு நடுவில் வருவதுதான் புலம்பல். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று உறவுக்கு ஒன்றாகச் செய்யுளில் அழவேண்டும். இங்கே பிறந்த பேரனுக்குத் தமிழில் தன் பெயரையே வாசிக்கத் தெரியாது. ஆகவே அவனுக்காக நான் அழுது கொடுப்பேன்.

எப்படி இதில் மாட்டிக்கொண்டேன் என்றால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு அவசரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருந்ததாம். அவர்கள் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் வேறொருவருக்குச் சொல்ல, பிடித்துக்கொண்டது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொஞ்ச நாளில் மடிக்கணினியில் ஒரு தொகுப்பே சேர்ந்துவிட்டது. ‘மனைவி 1’, ‘மனைவி 2’, ‘மகள் - வெளிநாடு’, ‘மருமகன் - பொது’ என்று பெயர் போட்டு வைத்திருந்தேன். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, இந்த மூன்றையும் மாற்றினால் வேலை முடிந்தது. பாட்டனி டவுன்ஸில் படுக்கை விரிப்பும் தலையணையும் விற்கிற கடையொன்றில் எனக்கு வேலை. மதிய இடைவேளையில் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடி, ஒரு கையில் சான்ட்விச்சோடு, அரை மணித்தியாலத்தில் ஒரு குடும்பம் முழுவதற்கும் அழுது முடித்துவிடுவேன்.

ஒருமுறை வசமாகப் பிழைத்தது. கல்யாணமே கட்டாத ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு வெட்டி ஒட்டிய அவசரத்தில், பேரர் புலம்பலை எடுத்துவிட மறந்துபோனேன். ‘மடியிருத்திக் கதை சொன்ன அப்பப்பாவே, இனி எமக்கு யார் இனிப்பு வாங்கித் தருவார்’ என்று இருநூறு பிரதி அச்சாகி, மண்டபத்தில் எல்லார் கையிலும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டேன். சாப்பாட்டு வரிசையில் தலையைக் குனிந்துகொண்டே நின்றேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, மூன்று பேர் தேடிவந்து, “அருமையாய் எழுதியிருக்கிறியள், எனக்கு அழுகையே வந்திட்டுது” என்று கையைப் பிடித்தார்கள்.

நியாயப்படி எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் என்னுடைய முதல் நாவலையும் இதே ஆட்கள்தான், இதே மண்டபத்தில் வைத்து, இதே சொல்லால் பாராட்டியிருந்தார்கள்.

அந்த நாவல் மீன்பிடிக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. ‘கடலின் உப்பு மணக்கும் எழுத்து’ என்று ஒருவர் மதிப்புரை எழுதினார். எனக்கு வைஹெக்கே தீவுக்குப் போகிற பெரிய படகிலேயே வாந்தி வரும். வலை, காற்று, நீரோட்டம் எல்லாம் கடையில் என்னோடு வேலை செய்யும் மன்னார்க்காரர் ஒருவர் திரைச்சீலை மடித்துக்கொண்டே எனக்குச் சொன்னவை. மனிதர் உண்மையான கடல்காரர் வீட்டுப் பிள்ளை. புத்தகத்தை வாங்கி வாசித்துவிட்டு, “நல்லாயிருக்கு, ஆனால் இதிலே மழை கொஞ்சம் கூடிப்போச்சு” என்று மட்டும் சொன்னார். வெளியீட்டு விழாவில் நான் ஏற்புரை சொல்லும்போது நெஞ்சு இடித்த இடி எனக்குத்தான் தெரியும். யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து எழும்பி, “நீங்கள் எப்ப கடலுக்குப் போனனீங்கள்?” என்று கேட்கப்போகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழும்பவில்லை. சாப்பாட்டுக்குத்தான் எழும்பினார்கள்.

இரண்டாவது நாவல் அதைவிட மோசம். வன்னியில் ஓர் ஆஸ்பத்திரி, அங்கே ஒரு தாதி, அவளைச் சுற்றிப் போர். அந்தத் தாதி காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் இங்கே தலையணை உறை விற்றுக்கொண்டிருந்தேன். நூற்றுத் தொண்ணூறு பக்கம் எழுதி முடித்துவிட்டு, அதற்குமேல் ஒரு வசனம் எழுதமுடியாமல் நின்றேன். எனக்கு இதை எழுத என்ன உரிமை? பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் தயாராக இருந்தது. ‘நாவல் வராது, மன்னிக்கவும்’ என்று இரண்டு வரி. தினமும் அதைத் திறந்து வாசிப்பேன், மூடுவேன். என் கணவருக்கு அலுத்துப்போனது.

“அனுப்பிறதெண்டால் அனுப்பும். இல்லாட்டி வந்து இந்தக் கீரையை ஆயும்” என்றார்.

கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம். ஒரு பெண் குரல், அறுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும்.

“தங்கச்சி, நான் பக்குரங்காவில இருந்து கதைக்கிறன். என்ர மனிசன் மோசம் போய் இண்டைக்கு எட்டு நாள். உங்களிட்ட முதல் ஒரு கேள்வி. அந்த வாத்தியாருக்குப் பேரப்பிள்ளையள் எங்கால வந்தது?”

கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

“பயப்படாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதை முழுக்க வாசிச்சது நான் ஒராள்தான். மற்றவையள் படத்தைப் பாத்திட்டு, பேந்து அதிலயே வடையைச் சுத்திக்கொண்டு போட்டினம்.”

“அது வந்து அக்கா, ஒரு அவசரத்தில...”

“அது கிடக்கட்டும். எனக்கு ஒரு மனைவி புலம்பல் வேணும். பொய் இல்லாமல் வேணும். முப்பத்தொண்டு அண்டைக்கு நானே எழும்பி நிண்டு சனத்துக்கு முன்னால வாசிக்கப்போறன்.”

இதுவரைக்கும் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. இங்கே கல்வெட்டை யாரும் வாசிப்பதில்லை, கொடுப்பதோடு சரி. பொய் இல்லாமல் என்றால் ஊர் பேர் சரியாக இருக்கவேண்டும் என்று சொல்கிறா போலும் என எண்ணிக்கொண்டு, விபரங்களைக் கேட்டு எழுதி, மறுநாள் இடைவேளையில் ‘மனைவி 2’ஐத் திருத்தி வாட்ஸப்பில் அனுப்பினேன். ‘கட்டிய கணவா, கண்ணான துரையே, விட்டெனைப் பிரிந்து விண்ணகம் சென்றீரோ’ என்று தொடங்கி நாலு செய்யுள். சான்ட்விச் முடியுமுன் அழைப்பு வந்துவிட்டது.

“இவர் என்ர துரையெண்டு ஆர் சொன்னது?”

“அது வழக்கமாய் எழுதுறது அக்கா.”

“கண்ணுக்குள்ள மணியாய் வைச்சுப் பாத்தவராம். தங்கச்சி, நான் இந்த மனிசனோட பதினொரு மாசமாய்க் கதைக்கேல்லை. கதைக்காமலே ஆள் போயிட்டுது. இதை நான் எழும்பி நிண்டு வாசிச்சால், கூரையைப் பிச்சுக்கொண்டு வந்து ‘பொய்’ எண்டு சொல்லுவார்.”

பிறகு, ஏன் கதைக்கவில்லை என்பதை அவவே சொன்னா. முதியோர் சங்கம் ஒன்றில் தலைவர் பதவிக்கு அக்கா போட்டியிட்டிருக்கிறா.

“எனக்கு இருபத்திமூண்டு, மற்றவவுக்கு இருபத்திநாலு. ஒரு வாக்கு! வீட்டை வந்து சாப்பிடேக்கை, எந்தச் சனியன் அந்த வாக்கைப் போட்டதோ எண்டு ஏசிக்கொண்டிருக்கிறன். இந்த மனிசன் புட்டைக் குழைச்சுக்கொண்டு சொல்லுது, ‘நான்தான்’ எண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். “ஏனெண்டு கேக்கேல்லையோ?”

“கேட்டனான். ‘அவ கூட்டத்தை நேரத்துக்குத் தொடங்குவா, நீர் கதைச்சுக்கொண்டு நிப்பீர்’ எண்டார். அது உண்மைதான். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.”

“பதினொரு மாசமும் ஒரு சொல்லும் இல்லையோ?”

“ஒரு சொல்லும் இல்லை. மகள் ஹமில்ற்றனில இருந்து போன் எடுப்பாள். அப்பாட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு அவளிட்டச் சொல்லுவன். ‘அம்மா, அவர் உனக்குப் பக்கத்திலதானே நிக்கிறார்’ எண்டு இங்கிலீசில கத்துவாள். நான் வீம்புக்காறி, தங்கச்சி. இந்தக் கிழமை, அடுத்த கிழமை எண்டு இழுத்துக்கொண்டு போனன். மனிசன் அதுக்குள்ள அவசரப்பட்டிட்டுது.”

அந்தக் கடைசி வசனத்தில் குரல் உடைந்தது. நான் சான்ட்விச்சை மடியில் வைத்தேன்.

இப்போது எனக்கு விளங்கியது. பதினொரு மாதமாக அடக்கிவைத்ததை அக்கா இருநூறு பேருக்கு முன்னால் அவரிடம் ஒருதரம் சொல்லிவிட வேண்டும். பொய்யை வாசித்தால் அது அவரிடம் போய்ச் சேராது. உண்மையை எழுதவோ அவவுக்கு வராது. மூன்றுதரம் பேனையை எடுத்து வைத்தாவாம். கைவசம் இருந்தது நான். பார்த்தீர்களா அக்காவின் அதிர்ஷ்டத்தை!

சரி, நாவலாசிரியை என்ற முறையில் இறங்கிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். ‘மனைவி 2’ போன்ற சரக்கெல்லாம் வேண்டாம், நல்ல உரைநடை எழுதுவோம். இரண்டு நாள் இருந்து எழுதினேன். ‘எங்களுக்கிடையே மௌனம் மூன்றாவது ஆளாகக் குடிவந்தது, அது எங்கள் மேசையில் உண்டது, எங்கள் கட்டிலில் உறங்கியது’ என்று ஒரு வசனம் விழுந்தது. எழுதிவிட்டு நானே நாலுதரம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அப்படியொரு பெருமை எனக்கு. அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

“இது ஆரின்ர வீடு?” என்றா அக்கா.

“உங்கட வீடுதான் அக்கா.”

“எங்கட வீட்டில ரெண்டு பேர்தான் இருந்தனாங்கள். இதில மூண்டு பேர் கட்டிலில கிடக்கினம்.”

கோபம் மூக்குக்கு மேலே வந்தது எனக்கு. வேறு ஆளைப் பாருங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் உள்ளுக்குள், இந்த மனுசி சொல்வது சரியென்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம். என்னுடைய தாதியும் இப்படித்தான், அழகழகான வசனங்களுக்கு நடுவில் ஒரு பஞ்சுத் துண்டைக்கூடக் கையில் எடுக்காமல் நூற்றுத் தொண்ணூறு பக்கம் நடந்து திரிகிறாள். அன்றைக்குப் பின்னேரம் மின்னஞ்சலைத் திறந்து, அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனேன். முதலில் அக்காவின் வேலையை முடிப்போம், முப்பத்தொன்று முடிந்த அடுத்த நாள் அனுப்பிவிடுவோம் என்று விட்டேன்.

சனிக்கிழமை பக்குரங்காவுக்குப் போனேன். கையில் கொப்பியும் பேனையும் மட்டும். அக்கா தேத்தண்ணி தந்தா, முறுக்கு வைத்தா, எதிரில் இருந்தா. நான் ஒன்றும் யோசிக்காமல், கடையில் வாடிக்கையாளரிடம் கட்டிலின் அளவைக் கேட்பதுபோல, கேட்டுக்கொண்டே போனேன். காலையில் முதலில் எழும்புவது யார்? அவர் எந்தக் கதிரையில் இருப்பார்? கோபம் வந்தால் என்ன செய்வார்? அக்கா முதலில் ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னா. பிறகு நிறுத்தவே முடியவில்லை. கல்யாண வீடொன்றில் அவர் பெண்ணின் தகப்பனிடமே போய், பாயாசத்துக்குச் சீனி கூடிவிட்டது என்று சொன்ன கதையைச் சொல்லிச் சிரித்தா. அந்த ஆள் இன்றைக்கும் இவர்களோடு கதைப்பதில்லையாம். பிறகு பிரிட்ஜ் கதவைக் காட்டினா. அந்தப் பதினொரு மாதமும் அவர் தேவையானதைக் கடதாசித் துண்டில் எழுதி அதில் ஒட்டிவிடுவாராம். கடைசித் துண்டு இன்னும் அதிலேயே இருந்தது.

“எடுக்கேல்லையோ அக்கா?”

“எடுத்தால் பேந்து அதில என்ன இருக்கும்?” என்றா.

நான் கொப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தமுறை நிசமான கண்ணீர்தான்.

திங்கட்கிழமை இடைவேளையில் எழுத உட்கார்ந்தேன். அக்கா கதைத்த மாதிரியே, அவவுடைய சொல்லிலேயே எழுதினேன். செய்யுளுமில்லை, மௌனமுமில்லை. இப்படிப் போனது:

‘இவர் பொய் சொல்லாத மனிசன். சங்கத் தேர்தலில எனக்கு வாக்குப் போடேல்லை. அதை ஒளிக்கவுமில்லை. அதுக்காக நான் பதினொரு மாசம் இவரோட கதைக்கேல்லை. பனி உறைஞ்ச விடியக்காலமையளில, நான் வேலைக்கு வெளிக்கிட முன்னம், சாரத்தோட வெளியில போய் என்ர கார்க் கண்ணாடியில இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்திப்போட்டு, ஒண்டும் தெரியாத மாதிரி வந்து படுப்பார். கடைசியாய் எனக்கு எழுதின துண்டில, பால் முடிஞ்சுது எண்டு இருந்தது. வேலை முடிஞ்சு வரேக்கை டெய்ரிக் கடையில பால் வாங்கிக்கொண்டு வந்தனான். வீட்டு வாசலில ஆம்புலன்ஸ் நிண்டது.’

இதில் எல்லாம் அக்கா சொன்னதுதான், ஒரேயொரு வசனத்தைத் தவிர. கண்ணாடியில் தண்ணீர் ஊற்றியதை அக்கா சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் விடியற்கால வேலைக்குப் போவதாகச் சொன்னா, கார் வெளியில்தான் நிற்கும் என்று சொன்னா. அந்தத் தண்ணீர் மட்டும் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. எழுதிக்கொண்டே போகும்போது கை தானாக எழுதிவிட்டது. பொய் இல்லாமல் வேண்டும் என்று கேட்ட மனுசிக்குப் பொய் எழுதியிருக்கிறாய், அழி என்று மனம் சொன்னது. அழித்துப் பார்த்தேன். துண்டு வரைக்கும் போகுமுன் ஏதோ ஒரு படி குறைந்தது. திரும்பவும் போட்டேன். அக்கா வாசிக்கிற மனுசிதானே, பொய்யென்றால் பிடித்துவிடுவா, அப்போது வெட்டலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தா. ஒருதரம். பிறகு இன்னொருதரம். பேனையைக் கையில் எடுத்தா, ஏதோ ஓர் இடத்தில் கொஞ்சநேரம் வைத்திருந்தா, திரும்ப மூடினா.

“அச்சுக்குக் குடுங்கோ” என்றா.

நான் துள்ளாத குறை. அப்படியென்றால் மனிதர் உண்மையிலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்! சொல்லாததையும் கண்டுபிடித்துவிட்டேனே! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காருக்குள் பாட்டு. கணவரிடம் சொல்லிச் சொல்லி அவர் காதைத் தின்றேன். இதற்குப் பெயர்தான் எழுத்தாளரின் மூக்கு என்றெல்லாம் அளந்தேன். அந்த மூக்கு உடைபட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைய ஆட்கள். கிரியை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னர், அக்கா வெள்ளைச் சேலையோடு எழும்பி ஒலிவாங்கிக்கு முன்னால் போனா. கதிரைகளில் ஒரு சலசலப்பு. மகள் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். நானும் கணவரும் பின்வரிசையில் இருந்தோம். அக்கா எடுத்து வாசித்தா. “சங்கத் தேர்தலில எனக்கு வாக்குப் போடேல்லை” என்றதும் மண்டபம் சிரித்தது. யாரோ ஒருவர் “ஐயோ” என்றார். பதினொரு மாதம் என்றதும் சிரிப்பு நின்றது. தண்ணீர் ஊற்றுகிற வசனத்தையும் வாசித்தா. அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா.

“இது நடக்கேல்லை” என்றா.

எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

“இது அந்தத் தங்கச்சி தானாய் எழுதினது. அந்தா, பின்னுக்கு இருக்கிறா.” இருநூறு தலையும் திரும்பின. “தண்ணி ஊத்தினது நான்தான். அவர் உள்ளுக்கை ஹீற்றரைப் போட்டிட்டுப் படுத்திருப்பார்.”

“வாரும், மெல்ல எழும்பிப் போவம்” என்று என் கணவர் காதுக்குள் சொன்னார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எத்தனை வருடமாகப் பயந்திருந்தேன், ஒருநாள் ஒரு மண்டபத்தில் யாரோ எழும்பி நின்று இவள் பொய்க்காரி என்று சொல்லப்போகிறார் என்று. நடந்தேவிட்டது. அதுவும் ஒலிவாங்கியில். வெட்கத்தில் முகம் பற்றி எரிந்தது. கதிரையோடு நிலத்துக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அக்கா இன்னும் முடிக்கவில்லை.

“வாசிச்ச உடன எனக்குத் தெரியும், பொய்யெண்டு. வெட்டுவமெண்டு பேனையையும் எடுத்தனான். வெட்ட ஏலாமல் போட்டுது. ஏனெண்டால் நான் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் இந்த மனிசன் செய்திருக்கும். மாட்டனெண்டு சொல்லியிருக்காது. நான் கேக்கேல்லை. இதில பிழையாய் இருக்கிறது அவவின்ர வசனம் இல்லை, நான்தான்.” பிறகு படத்தைப் பார்த்து, “கேக்காமல் விட்டிட்டன்” என்றா. அவ்வளவுதான். திரும்பக் கண்ணாடியைப் போட்டு, பால் முடிந்த இடத்திலிருந்து கடைசி வரைக்கும் வாசித்து முடித்தா. குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என் இத்தனை வருடப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிடிபட்டுப்போனேன், எல்லாரும் பார்த்தார்கள், உலகம் இடிந்து விழவில்லை. என் கணவர் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை நீட்டினார். அடுத்த நாள் பதிப்பாளருக்கு அந்த மின்னஞ்சலை அனுப்பவில்லை. தாதியை முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினேன், இந்தமுறை அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, கொப்பியும் பேனையுமாக எதிரில் இருந்து கேட்டு. அது வேறு கதை.

மண்டபத்தில் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் ஒருவர் வந்து வழக்கம்போல “அருமையாய் எழுதியிருக்கிறியள்” என்றார். இன்னொருவர், “உண்மையாய் நடந்ததை மட்டும் எழுதினால் நல்லது, என்ன?” என்று பல்லைக் குத்திக்கொண்டே புத்தி சொன்னார். இரண்டுக்கும் தலையாட்டினேன். பாயாசம் வந்தது. பாயாசத்தோடு அக்காவும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தா.

“கோபமோ தங்கச்சி?”

“இல்லை அக்கா. நான் உங்களிட்டக் கேட்டிருக்கவேணும்.”

“கேட்டிருந்தால் வேண்டாம் எண்டிருப்பன்.” சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டா: “அந்த விடியக்காலமை, அவர் தண்ணி ஊத்தின காலமை, நான் கண்டிட்டன் எண்டு வைப்பம். கண்டால் சும்மா போயிருக்கமாட்டன்தானே. நாங்கள் ரெண்டு பேரும் என்ன கதைச்சனாங்கள்?”

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் பாயாசக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“அதை எழுதித் தாறீங்களோ? அச்சடிக்க வேண்டாம். எனக்கு மட்டும்.”

“அது பொய்யாய்த்தானே அக்கா இருக்கும்?”

“ஓம், தெரியும். ஆனால் சரியாய் எழுதவேணும். அவர் கதைக்காத மாதிரி ஒரு சொல்லு வந்தாலும் எனக்குத் தெரியும்.”

பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். பாயாசக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனையைத் திறந்தேன். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. எனவே தெரிந்த வேலையைச் செய்தேன், கேட்டேன்.

“அவர் உங்களை என்னெண்டு கூப்பிடுறவர் அக்கா?”

ஒலிவாங்கிக்கு முன்னால் அசையாமல் நின்ற மனுசிக்கு இப்போது கன்னத்தால் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

“இஞ்சரும்” என்றா. “பேர் சொல்லமாட்டார். இஞ்சரும், எண்டுதான் தொடங்குவார். அதிலயிருந்து எழுதுங்கோ.”